சிபி ரேடியோ சரியா பேச மாட்டேங்குதா? செட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஆண்டனாவைப் பாருங்க

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் தார், ஜிம்னி, பழைய மஹிந்திரா ஜீப்புன்னு வச்சிக்கிட்டு லீவு நாள்ல செம்மண் காட்டுக்குள்ள போற ஆளுக இப்ப நெறைய ஆயிட்டாங்க, நாலு வண்டி சேந்து போனா வண்டிக்கு வண்டி பேசிக்கிறதுக்கு சிபி ரேடியோ (சிட்டிசன் பேண்டு ரேடியோ) மாட்டலாம்னு ஆசை வருது, மாட்டுன பிறகு வர்ற புகார் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்: "அண்ணே செட்டு சரியில்ல, வேற நல்ல செட்டா ஒண்ணு சொல்லுங்க". செட்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கோளாறு அதுக்கு வெளியே இருக்கும்.

காரணம் சுருக்கமா. சிபி வேலை செய்யறது 27 மெகாஹெர்ட்ஸ்ல, அந்த அலையோட நீளம் கிட்டத்தட்ட 11 மீட்டர். முறையா ஒரு கால் அலை ஆண்டனா வைக்கணும்னா 2.75 மீட்டர், அதாவது ஒம்போது அடி கம்பி வேணும். யாரும் அவ்வளவு நீளத்துக்கு வைக்க மாட்டாங்க, அதனால கம்பிக்குள்ள காயில் சுத்தி 3 அடி 4 அடியா குறுக்கி விக்கிறாங்க. இந்தக் கம்பி ஆண்டனாவுல பாதிதான், மிச்சப் பாதி உங்க வண்டி பாடி. பாடியோட சரியா சேரலைன்னா எவ்வளவு காஸ்ட்லி செட்டு போட்டாலும் ஊமைதான். செட்டுக எல்லாம் விதிப்படி 4 வாட், 5 வாட்டுக்குள்ளதான் விடும், அதுல பெரிய வித்தியாசம் கிடையாது. வாட்டை இரட்டிப்பாக்குனாக்கூட எதிர்ல உள்ளவர் செட்டோட சிக்னல் மீட்டர்ல அரைப் புள்ளிதான் ஏறும், அதுனால கள்ளத்தனமா ஆம்ப்ளிஃபையர் போடுற யோசனை இருந்தா இப்பவே விட்ருங்க, விதிக்கும் ஆகாது பிரயோஜனமும் கம்மி.

விதின்னதும் இதையும் சொல்லிடறேன். இந்தியாவுல 2005ல வந்த விதிப்படி 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்குத் தனியா லைசென்ஸ் எடுக்க வேணாம், உச்ச வரம்பு 5 வாட். ஆனா அந்த விதியோட வாசகம் செட்டோட சேந்தே வர்ற ஆண்டனாவைத்தான் சொல்லுது, அமெரிக்க 40 சேனல் செட்ல மேல் கோடி சேனல்களும் நம்ம வரம்பைத் தாண்டிப் போகுது. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிற செட்டுக்கு டபிள்யூபிசி (அலைவரிசைகளைக் கவனிக்கிற மத்திய அரசுப் பிரிவு) ஒப்புதலும் வேணும். வெளி ஆண்டனா மாட்டுறதுக்கு முன்னாடி டபிள்யூபிசி கிட்ட கேட்டுத் தெளிவு பண்ணிக்கிட்டு இறங்குங்க. இனி ஒவ்வொரு நோயா பாப்போம்.

"எனக்கு மத்தவங்க கேக்குது, நான் பேசுறது யாருக்கும் போகல"

இதுக்கு ஊகம் வேணாம், எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒண்ணு வேணும். கூட்டத்துல ஒருத்தர் வாங்கி வச்சா எல்லாரும் பயன்படுத்திக்கலாம். நீங்க அனுப்புற சக்தியில எவ்வளவு ஆண்டனால இருந்து திரும்பி செட்டுக்கே வருதுன்னு அது காட்டும்.

செட்டுக்கும் ஆண்டனா கேபிளுக்கும் நடுவுல மீட்டரை ஒரு சின்ன கேபிள் வச்சு சேருங்க. மீட்டர்ல ஃபார்வர்டு பக்கம் சுவிட்சை வச்சு, மைக் பட்டனை அமுக்கிக்கிட்டு, பேசாம, முள்ளு 'SET'னு போட்டிருக்கிற கோட்டுக்கு வர்ற வரைக்கும் குமிழைத் திருகுங்க. அப்புறம் ரிஃப்ளெக்டெட் பக்கம் தள்ளுனா முள்ளு காட்டுறதுதான் அளவு. 1.5க்குக் கீழ இருந்தா அருமை, 2 வரைக்கும் ஓட்டலாம், 3ஐத் தாண்டுச்சுன்னா பட்டனை விட்ருங்க, தொடர்ந்து பேசுனா செட்டுக்குள்ள இருக்கிற ஃபைனல் டிரான்சிஸ்டர் போயிரும். ஆண்டனாவே இல்லாம பட்டனை அமுக்குறது அதை விட மோசம், சும்மா சோதிச்சுப் பாக்குறதுக்குக் கூட வேணாம்.

எங்க வச்சு அளக்கணும்கிறதுல நம்ம ஊர் ஆளுக நெறைய பேர் கோட்டை விடறாங்க. பட்டறைல தகரக் கொட்டகைக்கடியில வண்டியை நிப்பாட்டி அளந்தா வர்ற நம்பர் தகரத்தோட நம்பர், உங்க ஆண்டனாவோடது இல்ல. இரும்புத் தூணும் உத்தரமும் வச்ச செட்டிநாட்டு வீட்டு ஓரமாவும் வேணாம், கரண்டு கம்பிக்கு அடியிலயும் வேணாம். தண்ணி வத்துன கண்மாய்ப் பொட்டலோ, ஊருக்கு வெளிய வெட்டவெளியோ பாத்து, சுத்திப் பத்துப் பதினஞ்சு மீட்டருக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல, கதவு பானட் எல்லாம் சாத்திட்டு அளங்க. பக்கத்துல யாரும் ஆண்டனாவைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கக் கூடாது, ஆள் ஒடம்பும் அளவை மாத்தும்.

சேனல் 1ல ஒரு தடவை, நடுவுல 19ல ஒரு தடவை, மேல அனுமதி உள்ள கடைசி சேனல்ல ஒரு தடவை. சேனல் 1ல அளவு கூடவும் மேல குறையவும் இருந்தா ஆண்டனா நீளம் பத்தலை. மேல கூடவும் 1ல குறையவும் இருந்தா நீளம் அதிகம். ஃபைபர் ஆண்டனான்னா நுனியில ஒரு திருகாணி இருக்கும், அரைச் சுத்து அரைச் சுத்தா மாத்துங்க. இரும்புக் கம்பின்னா அலன் கீ போட்டுத் தளர்த்தி ஏத்தி இறக்கலாம், முழுசா இறக்கியும் நீளம் அதிகமா இருந்தாத்தான் வெட்டணும், ஒரு தடவைக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல போகாதீங்க, வெட்டுனதை ஒட்ட முடியாது.

"எல்லா சேனல்லயும் முள்ளு 3க்கு மேல நிக்குது"

இதுக்கு நீளத்தோட சம்பந்தமே இல்ல, திருகாணியைத் திருகி நேரத்தை வீணாக்காதீங்க. ஒண்ணு எங்கயோ ஷார்ட்டு, இல்ல எர்த்து இல்ல.

மல்டிமீட்டர் எடுத்து, செட்டுப் பின்னாடி இருக்கிற பிஎல்-259 கனெக்டரைக் கழட்டி, நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் பீப் வருதான்னு பாருங்க. வரக்கூடாது. வந்தா கனெக்டருக்குள்ள கேபிளோட செம்பு வலையில இருந்து ஒரு நூல் ஊசியைத் தொட்டுக்கிட்டு இருக்கும், இல்ல மவுண்டுல நைலான் வாஷரை மாத்திப் போட்டிருப்பாங்க. அந்த வாஷர்தான் கம்பியையும் பாடியையும் பிரிச்சு வைக்குது, மெக்கானிக் கடைப் பையன் மிச்சமாயிருச்சுன்னு தூக்கிப் போடுற சாமானும் அதேதான். (சில காயில் ஆண்டனா உள்ளயே எர்த்தோட சேத்துத்தான் செய்வாங்க, அதுல பீப் வந்தா தப்பில்ல, கம்பெனிக் காகிதத்துல பாத்துக்குங்க.) அடுத்து நடு ஊசிக்கும் ஆண்டனா நுனிக்கும் பீப் வரணும். அப்புறம் வெளி வளையத்துக்கும் பேட்டரி நெகடிவுக்கும், கனெக்டர் செட்ல மாட்டாம இருக்கும்போதே பீப் வரணும். செட்ல மாட்டிட்டுப் பாத்தா செட்டோட எர்த்து வழியா பீப் வந்துரும், ஏமாந்துருவீங்க.

இந்த மூணாவதுலதான் நம்ம வண்டிக பெரும்பாலும் மாட்டுது. மவுண்டு கிளாம்பு பெயிண்டு மேல உக்காந்திருக்கும், பெயிண்டு கரண்டை விடாது. போல்ட்டு உக்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேச்சு வெறும் இரும்பு தெரியிற மாதிரி பண்ணி, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, முறுக்குனதுக்கு அப்புறம் மேல கிரீஸோ பெயிண்டோ தடவிருங்க. துரு பிடிக்கும்னு பயந்து தேய்க்காம விடறவங்க இருக்காங்க. துருவைப் பத்தியும் ஆராய்ச்சி பண்ற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலயே இருக்கு, நம்ம ஊர் ஆளே துருவுக்குப் பயந்து எர்த்து போடாம விடலாமா.

கீல் வழியா எர்த்து வரும்னு நம்பாதீங்க. பின் கதவுல, ஸ்டெப்னி மேல மவுண்டு வச்சா, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிறது கிரீஸும் தூசியும் ரப்பரும்தான். தட்டையான பின்னல் எர்த்துப் பட்டை வாங்கி மவுண்டுல இருந்து பாடிக்கு முடிஞ்ச வரைக்கும் குட்டையா இழுத்துருங்க. குண்டு ஒயரை விட தட்டைப் பட்டை இந்த அலைவரிசைக்கு நல்லது.

தார்ல கேன்வாஸ் டாப்பு, ஃபைபர் ஹார்ட் டாப்பு வச்சிருக்கிறவங்களுக்கு: காந்த மவுண்டு உங்களுக்கு இல்ல. அது இரும்புக் கூரையில ஒட்டுனா மட்டும்தான் ஆண்டனா, ஃபைபர் மேல டேப் போட்டு ஒட்டுனா அலங்காரம். ஜிம்னி, பொலேரோ மாதிரி இரும்புக் கூரை இருந்தா நடுக் கூரையில காந்த மவுண்டு வைக்கிறதை அடிச்சுக்க முடியாது, செம்மண் தூசியை மட்டும் தொடச்சிட்டு வைங்க, இல்லன்னா பெயிண்டுல கீறல் விழும். இரும்பே எட்டாத இடத்துலதான் வச்சாகணும்னா கிரவுண்டு பிளேன் (அதாவது அடியில பாடி இரும்பு) தேவைப்படாத ஆண்டனான்னு தனியா கிட்டு வருது, கேபிளும் கம்பியும் மவுண்டும் ஒரே கிட்டுல உள்ளதா இருக்கணும், அந்தக் கேபிளை வெட்டவும் கூடாது, சாதாரணக் கம்பியோட சேக்கவும் கூடாது.

கேபிள் நீளம் பதினெட்டு அடிதான் இருக்கணும்னு ஒரு நம்பிக்கை ஓடுது. நான் அதை ஒரு சோதனையாத்தான் பாக்கறேன்: கேபிள் நீளத்தை மாத்துனா மீட்டர் அளவும் தாறுமாறா மாறுதுன்னா கேபிளே ஆண்டனாவா வேலை செய்யுது, அதாவது எர்த்து இன்னும் சரியாகல. மிச்சக் கேபிளை டைட்டா வளையமாச் சுத்தாதீங்க, எட்டு மாதிரி தளர்வா மடிச்சு சீட்டுக்கடியில விடுங்க.

"முன்னாடி போற வண்டிக்குக் கேக்குது, பின்னாடி வர்றவனுக்குக் கேக்கல"

செட்டுக் கோளாறே இல்ல இது. ஆண்டனா எந்த மூலையில இருக்கோ அதுல இருந்து பாடி எந்தப் பக்கம் அதிகமா விரிஞ்சு கிடக்கோ அந்தப் பக்கம்தான் நல்லாப் போகும். இடது பின் மூலையில வச்சா வலது முன் பக்கம் தூக்கலா இருக்கும், பின்னாடி சோடை. கூரை நடுவுல வச்சா எல்லாப் பக்கமும் சமம். அதோட கம்பியோட மேல் பாகம் கூரைக்கு மேல தலையைக் காட்டணும், பம்பர்ல 3 அடிக் கம்பியை வச்சு வண்டி முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா பாதி சக்தி வண்டியே தின்னுரும். ஸ்டெப்னி மவுண்டுன்னா 4 அடிக்குக் குறையாதீங்க.

"அப்ப 102 இன்ச் விப்பையே (காயில் இல்லாத முழு நீள இரும்புக் கம்பி) வச்சிருவோம்"னு சிலர் கிளம்புவாங்க. காகிதத்துல அதுதான் ராஜா, காயில் நஷ்டம் கிடையாது. ஆனா பம்பர்ல மாட்டுனாலே தரையில இருந்து 3 மீட்டருக்கு மேல நிக்கும், நம்ம கிராமத்து சந்துல தொங்குற கரண்டு கம்பி, தோட்டத்து மோட்டார் லைனு, திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் செட்டு எல்லாத்தையும் உரசும். உயிர் போற சமாச்சாரம், அதனால நான் யாருக்கும் சொல்றதில்ல. வேணும்னா கட்டி வளைச்சு வச்சு, பொட்டல் போய் அவிழ்த்து விடுங்க.

சீமைக் கருவேலங்காட்டுக்குள்ள போறவங்க ஃபைபர் கம்பின்னா அடியில ஸ்பிரிங்கு ஒண்ணு சேத்துக்குங்க. கிளை அடிக்கிறப்ப ஃபைபர் மடங்காம நார் நாரா பிரிஞ்சிரும், பிரிஞ்ச நார் கையில ஏறுனா கருவேல முள்ளே பரவாயில்லன்னு தோணும். இரும்பு விப்பு வளைஞ்சு நிமிந்துரும், ஆனா ஓட்டத்துல ஆடி ஆடி சிக்னல் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கு சேத்தா நீளமும் கூடும், மறுபடி அளந்து டியூன் பண்ணணும்.

"ஒரே இரைச்சல், பேச்சே புரியல"

இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பாக்கணும், கண்ணை மூடிக்கிட்டு ஃபில்டர் வாங்காதீங்க. இஞ்சினை அணைச்சு, சாவியையும் எடுத்துட்டு, செட்டை மட்டும் ஆன் பண்ணுங்க. அப்பவும் இரைச்சல் இருந்தா அது வெளியில இருந்து வருது, டிரான்ஸ்பார்மரோ லைனோ பக்கத்துல இருக்கும், வண்டியை நகத்துங்க. செகண்டுக்கு ஒண்ணா "டக், டக்"னு அடிச்சா பக்கத்துத் தோட்டத்துல மின்வேலி போட்டிருப்பாங்க, அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, தள்ளிப் போயிருங்க.

அமைதியா இருந்தா சாவியைப் போடுங்க, இஞ்சின் வேணாம். இப்ப சத்தம் வந்தா ஃபியூல் பம்பு, டேஷ் கேமரா, யூஎஸ்பி சார்ஜர், இந்த மாதிரி. ஒவ்வொண்ணாப் புடுங்குங்க, பெட்டிக்கடையில வாங்குன சார்ஜர்தான் முதல் சந்தேகம், அடுத்த சந்தேகம் எல்இடி லைட் பார். அப்புறம் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரைக் குடுங்க. குடுக்கக் குடுக்க "ங்ங்ஈஈ"ன்னு சுருதி ஏறுனா ஆல்டர்னேட்டர். பெட்ரோல் வண்டியில "டிக்டிக்டிக்"னு வேகமெடுத்தா ஸ்பார்க் பிளக், கேபிள் பக்கம் பாருங்க, ரெசிஸ்டர் பிளக் போட்டிருக்கான்னு கேளுங்க. டீசல் வண்டியில ஸ்பார்க்கே கிடையாது, அங்க அதைத் தேட வேணாம்.

இப்ப செட்டுப் பின்னாடி ஆண்டனா கேபிளைக் கழட்டுங்க (பட்டனை அமுக்காம!). சத்தம் அப்படியே இருந்தா கரண்டு ஒயர் வழியா வருது, நின்னுபோனா ஆண்டனா வழியா வருது. ஒயர் வழின்னா சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல இருந்து எடுத்த லைனை முதல்ல தூக்கிப் போட்டுட்டு, பேட்டரில இருந்து நேரா தனி ஒயர் இழுங்க, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும், செட்டோட காகிதத்துல போட்டிருக்கிற ஆம்பியர்தான், பெருசாப் போட்டா ஒயர் எரியும். நெகடிவ் டெர்மினல்ல சென்சார் வச்ச புது வண்டின்னா கறுப்பு ஒயரை டெர்மினல்ல மாட்டாம பக்கத்து பாடி எர்த்துல மாட்டுங்க. ஆண்டனா வழின்னா மறுபடி எர்த்துதான்: பானட்டு, சைலன்சர் பைப்பு இதுகளை பாடியோட பட்டை போட்டுச் சேத்தா ஆச்சரியமா குறையும். சத்தம் பண்ற சாமானோட ஒயர்ல ஃபெரைட் கிளிப் மாட்டலாம்.

"சத்தமே இல்ல, செத்த மாதிரி இருக்கு"

ஸ்குவெல்ச் குமிழ் (யாரும் பேசாதப்ப இரைச்சலை அடக்கி வைக்கிறது) முழுசா ஏறி இருக்கும். இடது பக்கம் திருப்பி "சர்ர்"னு இரைச்சல் வர வைங்க, பிறகு இரைச்சல் நிக்கிற இடத்துல விடுங்க, அதுக்கு மேல ஒரு இம்மி கூட வேணாம். ஆர்எஃப் கெயின் (வர்ற சிக்னலை எவ்வளவு கூர்மையா வாங்கணும்னு வைக்கிற குமிழ்) குறைஞ்சிருந்தா அதை முழுசா வைங்க. பிஏன்னு ஒரு சுவிட்சு இருக்கும், அது தட்டிருந்தா செட்டு ஒலிபெருக்கி ஆயிரும், காத்துல ஒண்ணும் போகாது, குண்டு குழியில முழங்கால் பட்டுத் தட்டிக்கும்.

எல்லாம் சரியா இருந்தும் ஒருத்தர் மட்டும் கேக்கலைன்னா மோடு பாருங்க. புது செட்டுகள்ல ஏஎம், எஃப்எம் ரெண்டும் வருது (அமெரிக்காவுலயே 2021லதான் எஃப்எம் அனுமதிச்சாங்க). ஒருத்தர் ஏஎம், இன்னொருத்தர் எஃப்எம்ல இருந்தா கொழகொழன்னு கேக்கும், இல்ல ஒண்ணுமே கேக்காது. ஐரோப்பிய செட்டுல நாடு தேர்வு வேற இருக்கும், அதுல போலந்து வச்சா ஒவ்வொரு சேனலும் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும், இங்கிலாந்து வச்சா வேற அலைவரிசைக்கே போயிரும். கிளம்புறதுக்கு முன்னாடி டீக்கடையிலயே எல்லாரும் ஒரே அமைப்புக்கு வந்துருங்க.

"யாரோ புரியாத பாஷையில பேசுறாங்க"

பயப்படாதீங்க. சூரியன் சுறுசுறுப்பா இருக்கிற வருஷங்கள்ல 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேல அயனி மண்டலத்துல பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும், பகல்ல அதிகம். நல்ல ஆண்டனா வச்சவனுக்குத்தான் இது கேக்கும், அந்த வகையில சந்தோஷப்பட்டுக்குங்க. சேனல் மாத்துங்க, ஸ்குவெல்ச்சைக் கொஞ்சம் ஏத்துங்க.

"கொஞ்ச தூரத்துலயே விட்டுப் போகுது"

முதல்ல எதிர்பார்ப்பைச் சரி பண்ணணும். வண்டிக்கு வண்டி, நம்ம மாதிரி சமதளத்துல, ரெண்டு பக்கமும் ஆண்டனா நல்லா இருந்தா சில கிலோமீட்டர், வெட்டவெளின்னா கொஞ்சம் கூட. காரைக்குடில இருந்து தேவகோட்டைக்குப் பேசலாம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. கண்மாய்க்குள்ள இறங்குனா கரை மறைக்கும், கரை மேல ஒரு வண்டியை நிப்பாட்டுனா அது வழியா மத்தவங்க ஒருத்தருக்கொருத்தர் சேதி கடத்தலாம். திருமயம் பக்கம் பாறைக்குப் பின்னாடி போனவரு தற்காலிகமா காணாமப் போறதும் இயல்பு. சரியா ஓடிக்கிட்டு இருந்த செட்டு திடீர்னு குறைஞ்சா மட்டும் கோளாறுன்னு எடுத்துக்குங்க.

ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் குறைஞ்சா கேபிளுக்குள்ள தண்ணி. கனெக்டரைக் கழட்டி செம்பு வலை பச்சையா, கறுப்பா இருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா காய வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, வலை வழியா தண்ணி உள்ள தூரம் ஏறியிருக்கும், புதுக் கேபிள் போடுங்க. அடுத்த தடவை கனெக்டர் மேல தானா ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி அதுக்கு மேல சாதா இன்சுலேஷன் டேப். கதவு இடுக்குல கேபிள் நசுங்குறதும் அடிக்கடி நடக்கும், ஆர்ஜி-58 வகைக் கேபிள் ஒல்லியா இருக்கிறதால சட்டுனு நசுங்கும், கதவு வழியா கொண்டு போகாம கிராமெட் (ரப்பர் வளையம்) போட்ட ஓட்டை வழியா கொண்டு போங்க.

குரல் மட்டும் அமுங்கிக் கேட்டா மைக்கை வாயில இருந்து ரெண்டு மூணு இன்ச் தள்ளிப் பிடிச்சு சாதாரணமா பேசுங்க. கத்துனா இன்னும் கெடும்.

இவ்வளவும் பாத்தும் சரியாகலைன்னா

இப்பத்தான் செட்டு மேல சந்தேகப்படணும். உங்க செட்டை நல்லா ஓடுற கூட்டாளி வண்டியில மாட்டுங்க, அவரோடதை உங்க வண்டியில மாட்டுங்க. கோளாறு செட்டோட கூடவே போச்சுன்னா செட்டு, வண்டியிலயே நின்னுச்சுன்னா ஆண்டனா. செட்டுதான்னு முடிவாச்சுன்னா, புதுசு வாங்கறப்ப பளபளப்புக்குக் காசு குடுக்காதீங்க. நாய்ஸ் பிளாங்கர் (டிக்டிக் இரைச்சலை வெட்டி விடுறது) இருக்கா, ஆர்எஃப் கெயின் இருக்கா, ஏஎம் எஃப்எம் ரெண்டும் இருக்கா, அம்புட்டுத்தான். தார், ஜிம்னி டேஷ்ல இடமே இல்ல, அதுக்கு கோப்ரா 75, யூனிடன் சிஎம்எக்ஸ் 760 மாதிரி எல்லாக் குமிழும் மைக்லயே இருக்கிற வகை நல்லது, பெட்டியை சீட்டுக்கடியில ஒளிச்சிடலாம், ஆனா வாங்குற மாடல்ல மேல சொன்ன மூணும் இருக்கான்னு பாத்துக்குங்க. வண்டிச் சத்தத்துல சரியா கேக்கலைன்னா 8 ஓம்ஸ் வெளி ஸ்பீக்கர் ஒண்ணு காதுப் பக்கம் வைங்க. பட்ஜெட் இடிச்சா செட்ல குறைங்க, மவுண்டுலயும் கேபிள்லயும் குறைக்காதீங்க.

ராணுவ ஏலத்துல எடுத்த வண்டி வச்சிருக்கிறவங்க மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியை அளந்துக்குங்க, அதுல 24 வோல்ட் வண்டிக உண்டு, சிபி செட்டுக பெரும்பாலும் 12 வோல்ட் வண்டிக்கு, 13.8 வோல்ட்டுக்குத்தான் செஞ்சது, நேராக் குடுத்தா ஒரு நொடில புகைஞ்சிரும். ரெண்டு பேட்டரில ஒண்ணுல மட்டும் 12 எடுக்கலாம்னு எலக்ட்ரீஷியன் சொல்லுவாரு, அந்த பேட்டரி மட்டும் சீக்கிரம் சாகும், கன்வெர்ட்டர் போடுங்க. கன்வெர்ட்டர் போட்டதும் புதுசா ஒரு இரைச்சல் வந்தா, இரைச்சல் பகுதில சொன்ன சோதனையை முதல்ல இருந்து ஆரம்பிங்க.